மூன்று முறை தொட்டுக் காட்டினேன்

எய்யா முத்துக்குமார்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி முடித்த பிறகு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்து நின்றுவிட்டேன். "என்ன, பேயறைஞ்சவ மாதிரி நிக்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்று நாளாக அந்த ஒன்றுமில்லையைச் சுமந்துகொண்டு திரிகிறேன். போனில் சொல்ல எனக்கு வராது. தொடங்கினால் நீ நடுவில் "சரிம்மா, விடும்மா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். அதனால் பால்வாடியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பட்டப்பகலில், நீயும் உன் மனைவியும் வேலைக்குப் போயிருந்தபோது, உன் கோயம்புத்தூர் வீட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். அவளுடைய நகையும் உன் லேப்டாப்பும் போய்விட்டன. நகை வைத்திருந்த அலமாரியை அவள் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று சொன்னாய். அது எனக்கு நன்றாகப் புரிகிறது. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "வாட்ச்மேன்தாம்மா. எல்லாரும் அவனத்தான் சொல்லுதாங்க. வடக்க இருந்து வந்தவன். அசோசியேஷன்ல புகார் எழுதி வச்சிருக்காங்க. அன்னைக்குக் காலைல நான் கிளம்பும்போது அவன் நம்ம மாடில நின்னதாப் போட்டிருக்கு. நான் கையெழுத்துப் போடணும்" என்றாய். நின்றானா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நின்ன மாதிரிதான் இருக்கு" என்றாய். அந்த 'மாதிரி'யைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

நீ பத்தாம் வகுப்புப் படித்தபோது என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள் என்பது உனக்குத் தெரியும். பாதிதான் தெரியும். மீதியை உன்னிடமிருந்து நான்தான் மறைத்தேன்.

அதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்பதே உனக்கு மறந்திருக்கலாம். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையில் சீவலப்பேரியில் மூன்று தெருக்கள் என் பொறுப்பு. எந்த வீட்டில் யாருக்குப் பதினெட்டு வயது ஆகிறது, எந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் எது என்று தாளைப் பார்க்காமல் சொல்வேன். கிராம சபையில் ஆண்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்காமல் எழுந்து நின்று, காலனிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பேன். "ஏ டீச்சர் எந்திச்சிட்டா, இனி வீட்டுக்குப் போன மாதிரிதான்" என்று பின்னால் யாராவது சொல்லுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஊருக்குள் யார் வழி கேட்டாலும் சொல்வதோடு விடமாட்டேன், தெருமுனை வரை நடந்து போய்க் காட்டிவிட்டு வருவேன். உன் அப்பாவுக்கு அது பிடிக்காது.

அது மாசி மாதம், பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பால்வாடியைப் பூட்டிவிட்டு, மதிய வெயிலில் வாய்க்கால் கரை வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. அதில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி, "அக்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் போகப் பாலம் எங்கன இருக்கு?" என்று கேட்டான். நான் அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பி நின்று, கையை நீட்டி வழி சொன்னேன். "பைய போங்க, வளைவுல மண் கிடக்கு" என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் கழுத்தில் தீ பட்டதுபோல் இருந்தது. முதல் இழுப்பில் சங்கிலி அறவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, என்னையும் சேர்த்து இழுத்தான். எத்தனை தூரம் இழுபட்டேன் என்று தெரியாது. கரைக்கல்லில் தலை மோதியது.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். வெயில், வண்டிச் சத்தம், பிறகு என் முகத்துக்கு மேலே குனிந்த ஒரு முகம். அந்த முகத்தின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பெண்கள் "களவாணிப் பயலே, பிடிங்க" என்று கத்திக்கொண்டு வயலிலிருந்து ஓடி வரும் சத்தம். ஒரு பைக் வேகமாகக் கிளம்பிப் போனது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகு போலீஸ்காரர் வந்து அடையாளம் கேட்டபோது என்னிடம் இருந்தது அந்த ஒரு முகம்தான். புருவத்தில் தழும்பு என்று சொன்னேன். அன்று சாயங்காலமே உன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று எனக்கு மஞ்சள் கயிறு கட்டினார். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் வேறொருத்தி ஆகிவிட்டேன். பைக் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தால்தான் உட்காருவேன், பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வாக்காளர் பட்டியல் வேலைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நான் போகாத வருடங்களில் காலனிப் பெண்கள் எத்தனை பேருடைய பெயர் சேராமல் போனது என்று பிற்பாடுதான் தெரிந்தது. கிராம சபைக்குப் போவதை நிறுத்தினேன். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எவன் அந்த இரண்டு பேருக்கு நான் போகிற வழியைச் சொல்லியிருப்பான் என்று தோன்றும். அறுப்புக்கு வந்த ஆட்கள் பால்வாடி வாசலில் தண்ணீர் கேட்டால் உள்ளிருந்தே இல்லை என்பேன். நீ சைக்கிளில் ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு வந்தாய் என்று ஒருநாள் உன்னை அடித்தேன், நினைவிருக்கிறதா? "யாருக்காகவும் வண்டிய நிப்பாட்டாதல" என்றேன். நீ அழவில்லை, தலையை மட்டும் ஆட்டினாய். அதன்பிறகு நீ யாருக்காகவும் வண்டியை நிறுத்தவே இல்லை. உன் கல்யாணத்துக்கு முன்பு உன் வீட்டுக்கு வந்தபோது, எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "தெரியாதும்மா, எதுக்கு?" என்றாய். நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

சங்கிலி போய் இரண்டு வாரம் கழித்து ஆள் கிடைத்துவிட்டான் என்று தகவல் வந்தது. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன், ஏரல் பக்கம், பெயர் சுயம்பு, வயது இருபத்து நாலு. அன்று அவன் நம் ஊர் வயலில்தான் வேலை செய்தான். சம்பவம் நடந்த நேரத்தில் டீசல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பியிருக்கிறான். புருவத்தில் தழும்பு இருக்கிறது. அடையாளம் காட்ட என்னைச் சிறைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு மாஜிஸ்திரேட் இருந்தார். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆறாவது ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டேன். அந்த முகம். சந்தேகமே இல்லை, அதே முகம். தோளைத் தொட்டுக் காட்டினேன். அவர்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி காட்டச் சொன்னார்கள். மறுபடியும் அவனையே தொட்டேன். மூன்றாவது முறை தொட்டபோது அவன் மெதுவாக, "நான்தான்க்கா. நல்லாப் பாருங்க, நான்தான்" என்றான். மாஜிஸ்திரேட் அவனைப் பேசக் கூடாது என்று அதட்டினார். நான் திரும்பி வரும்போது உன் அப்பாவிடம், "அவனே ஒத்துக்கிட்டாம்லா" என்று சொன்னேன். சங்கிலி போன பிறகு அன்றுதான் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு அம்மா நம் வீட்டுக் கதவைத் தட்டியது உனக்கு நினைவிருக்கும். நீ அன்று வீட்டில் படித்துக்கொண்டிருந்தாய். திறக்கப் போன உன் கையைப் பிடித்து இழுத்தேன். "யாரும்மா அது?" என்று கேட்டாய். "உதவி கேட்டு வந்தவ. சும்மா இருல, போயிருவா" என்றேன். அது பொய். அது சுயம்புவின் அம்மா. ஏரலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உன்னை உள் அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவின் இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் அவள் நின்றாள். கதவு மூடியே இருந்தது.

"டீச்சரம்மா, நான் சண்டை போட வரலம்மா" என்றாள். "எம்பிள்ளை உங்களத் தூக்கிவிட்ட பிள்ளைம்மா. வாய்க்கா ஓரத்துல கிடந்தீங்களாம். தண்ணி தெளிச்சு, தோள்ல கிடந்த துண்ட நனைச்சு உங்க கழுத்துல கட்டிவிட்டானாம். பொம்பளையாளுக களவாணின்னு கத்திக்கிட்டு வரவும் பயந்துபோய் வண்டிய எடுத்துட்டான். அது ஒண்ணுதாம்மா அவன் செஞ்ச தப்பு. பச்சைக் கோடு போட்ட துண்டும்மா. ஓரத்துல டீசல் கறை இருக்கும்." நான் தாழ்ப்பாளை விலக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குடிக்கத் தண்ணியாவது தாங்கம்மா" என்றாள். அதையும் நான் கொடுக்கவில்லை. செருப்புச் சத்தம் தெருவில் தேயும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் துணிகளைப் போட்டுக் கொடுத்த பையைப் பிரிக்கத் தைரியம் இல்லாமல் பரணில் போட்டு வைத்திருந்தேன். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். காய்ந்த ரத்தத்தோடு என் சேலை, ரவிக்கை, அதற்கு அடியில் பச்சைக் கோடு போட்ட துண்டு. முகத்தருகே கொண்டுபோனேன். டீசல் வாடை அடித்தது. அப்போதுதான் அந்த முகம் முழுதாக நினைவுக்கு வந்தது. அதுவரை வெறும் முகம். இப்போது அதன் வாயும் அசைந்தது. "அக்கா, கண்ணத் திறங்க. ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்த வாய் அது. நான் பார்த்தது உண்மைதான் எய்யா. பொய் பார்க்கவில்லை. ஆனால் அறுத்தவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. விழுந்த பிறகு பார்த்த முகத்தை எடுத்து, இழுத்தவன் தலையில் வைத்துவிட்டேன். சிறையில் அவன் 'நான்தான்' என்றது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது.

உடனே ஓடிப்போய் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதுதான் நான் உன்னிடம் மறைத்த பெரிய தப்பு. உன் அப்பாவிடம் துண்டைக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "இப்பப் போய் மாத்திச் சொன்னா பொய்ச்சாட்சின்னு உன்னயவே பிடிச்சு உள்ள வச்சிருவான். அந்தப் பயலுக்கு வக்கீல் இருப்பாம்லா, பாத்துக்கிடுவான்" என்றார். அவர் மேல் பழி போட மாட்டேன். ஒருநாள் தனியாகக் கிளம்பி போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பயம் மட்டும் காரணமில்லை. சுயம்பு உள்ளே இருக்கும்வரை, என்னைத் தொட்டவன் உள்ளே இருக்கிறான் என்று ஒரு நிம்மதி இருந்தது. அவன் இல்லையென்றால் எவன்? பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவனா, கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனா? ஒருவன் கெட்டவனாக இருந்தால்தான் மற்றவர்கள் நடுவில் நான் நடமாட முடியும் என்று தோன்றியது. அதற்கு எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டான்.

நாலு மாதம் கழித்து அவன் ஜாமீனில் வந்தான். வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆனது. திருநெல்வேலி கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றேன். எதிரே அவன் நின்றான், மெலிந்து, முடியை ஒட்ட வெட்டி. அரசு வக்கீல், "உங்க சங்கிலிய அறுத்தது இவர்தானேம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். "இல்லய்யா. இவரு என்னயத் தூக்கிவிட்டவரு" என்றேன். பையிலிருந்து துண்டை எடுத்து வைத்தேன். வக்கீல் என்னையே குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினார். என்னைப் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று முறை தப்பாகத் தொட்டுக் காட்டியபோது நான் நல்ல சாட்சி. உண்மையைச் சொன்ன அன்று எனக்கு அந்தப் பெயர். அவனை விடுதலை செய்தார்கள். ஊரில், டீச்சர் விலைபோய்விட்டாள் என்று பேசினார்கள். அறுத்தவர்கள் இன்றுவரை அகப்படவில்லை. அடுத்த வருடம் பட்டியல் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வீட்டு வாசலில் கதவைத் தட்டாமல் நெடுநேரம் நின்றேன். இப்போதும் சில கதவுகளுக்கு முன்னால் அப்படி நின்றுவிடுவேன்.

எய்யா, புகார் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. கொடு. பூட்டு உடைந்ததை எழுது, போன பொருளை எழுது, கண்ணால் கண்டதை எழுது. 'மாதிரி இருக்கு' என்பதை மட்டும் எழுதாதே. பயந்துபோன மனது ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கிடைக்கிற முகத்தை எடுத்துக்கொள்ளும். எழுதி வைத்த தாளை நாலு பேர் நீட்டினால், நடக்காததும் நடந்ததுபோல் நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பொய் சொல்லுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். எனக்கே அப்படி ஆனது. இன்னொன்று. மூன்று வருடமாக உனக்கு கேட்டைத் திறந்துவிடுகிற அந்த மனிதனின் பெயர், அன்று அத்தனை நேரம் பேசியும் உன் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. போய்க் கேள். அவன்தான் எடுத்தான் என்றாலும் பெயர் தெரிந்திருக்கட்டும். உன் மனைவியிடம் பயப்படாதே என்று சொல்லாதே. எல்லாரும் என்னிடம் அதைத்தான் சொன்னார்கள். அலமாரியை அவள் திறக்கும்போது பக்கத்தில் நில், போதும்.

இனி எழுதப்போவது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. போன தை மாதம் கூட வேலை செய்கிற டீச்சர் மகள் கல்யாணத்துக்கு ஏரலுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுப் பந்தலை விட்டு வெளியே வந்தவள், கடைவீதியில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துக்கொண்டு சுயம்புவின் வீட்டுக்குப் போய் நின்றேன். இத்தனை வருடம் கழித்து. வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சுவரில் அவன் அம்மாவின் படம், மாலையோடு. நாலு வருடம் ஆகிவிட்டதாம். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலுக்கு முகம் இதுதானா என்று அன்றுதான் பார்த்தேன்.

"என்னய மன்னிச்சிருய்யா" என்றேன்.

"பழைய கதை டீச்சர். நீங்கதான் கடைசில வந்து உள்ளதச் சொன்னீங்கள்லா. விடுங்க" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்க. இப்பல்லாம் ரோட்டுல யாரு விழுந்து கிடந்தாலும் நான் வண்டிய நிப்பாட்டுறதில்ல. போன ஐப்பசில, நல்ல மழை. ஒரு பெரியவரு சைக்கிளோட கிடந்தாரு. கை அசஞ்சுது, பாத்தேன். நான் நிக்கல டீச்சர். அந்தால போயிட்டேன். அவரு என்ன ஆனாருன்னு தெரியாது. யார்ட்டயும் கேக்கவும் பயமா இருக்கு" என்றான். அவன் மனைவி அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நான் அந்தக் காப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

பஸ் ஏற்றிவிட நிறுத்தம் வரை வந்தான். கூடவே நிற்காமல் நாலைந்து ஆள் தள்ளி, கடை ஓரமாக நின்றான். பெண்கள் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை என்று அவன் சொல்லாமலே புரிந்தது. பஸ் வந்ததும் கூட்டம் மொய்த்தது. நான் படியில் கால் வைத்த நேரம் வண்டி லேசாக அசைந்தது, கால் வழுக்கிவிட்டது. கம்பியைத் தேடித் துழாவினேன். தள்ளி நின்றவன் இரண்டே எட்டில் ஓடி வந்துவிட்டான். என் முழங்கைக்கு ஒரு சாண் தூரம் வரை அவன் கை வந்தது. அங்கேயே நின்றது. சுற்றி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு அந்தக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். உள்ளே இருந்த ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பிய பிறகு சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கை பின்னால் இருந்தபடியே நின்றுகொண்டிருந்தான்.

உன் அம்மா